பெப்பகூரா டிசைனர்: கவசம் கட்டுபவர் பார்வையில்

கணினியில் முப்பரிமாண உருவமாக இருக்கும் ஒரு தலைக்கவசத்தையோ மார்புக்கவசத்தையோ பிரித்து, விரித்து, அச்சடித்து வெட்டி ஒட்டக்கூடிய தட்டைத் துண்டுகளாக மாற்றித் தரும் மென்பொருள் பெப்பகூரா டிசைனர். ஜப்பானின் டாமா சாஃப்ட்வேர் வெளியிடுவது. 'பேப்பர் கிராஃப்ட்' என்பதை ஜப்பானியர் சுருக்கிச் சொல்வதிலிருந்து வந்த பெயர். காகித உருவங்கள் செய்பவர்களுக்கான கருவிதான். ஆனால் வேடமிட்டு உடுத்தும் கவசம் செய்பவர்களிடமும் இதற்கு நிலையான இடம் உண்டு. இந்த மதிப்புரை அவர்களுக்காகவே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விரிக்கும் வேலையில் இதைத் தாராளமாக நம்பலாம். அளவு மாற்றும் வேலையில் கணக்கு மட்டும் போட்டுத் தரும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, கவசத்தை வெட்டிச் செய்யும் ஃபோம் தாள் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த இரண்டையும் நாம்தான் எண்ணில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அச்சடித்தால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டி ஒட்டினாலும் கவசம் உடம்பில் ஏறாது.

கோப்பைத் திறந்ததும் இடப்பக்கம் முப்பரிமாண உருவம், வலப்பக்கம் விரித்த துண்டுகள். ஒரு பக்கம் ஒரு விளிம்பின்மேல் சுட்டியை வைத்தால் அது மறுபக்கம் எங்கே இருக்கிறது, எந்த விளிம்போடு சேர்கிறது என்று காட்டும். நூறு துண்டுகள் மேசையில் குவிந்து கிடக்கும்போது இந்த ஒரு வசதியின் அருமை புரியும். ஒவ்வொரு விளிம்பிலும் எண் அச்சாகும். 47 என்ற விளிம்பு இன்னொரு 47-உடன் ஒட்டும். வெட்டும் கோடு, மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கோட்டு வகை. ஏறக்குறைய தட்டையான மடிப்புகளின் கோடுகளை மறைக்கும் அமைப்பும் உண்டு. அதை அவசியம் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மடிக்கவே தேவையில்லாத இடங்களிலெல்லாம் கோடு விழுந்து துண்டு சிலந்திவலை போல ஆகிவிடும்.

உரிமம் வாங்காமலும் இதைத் திறந்து பார்க்கலாம், விரிக்கலாம், அச்சடிக்கலாம். ஆனால் சேமிக்க முடியாது. ஒரே ஒரு தலைக்கவசம் என்றால் சமாளித்துவிடலாம். முழு உடல் கவசம் என்றால் துண்டுகளைப் பக்கங்களில் அடுக்கிய வேலை முழுவதும் மென்பொருளை மூடியதும் போய்விடும், அதனால் உரிமம் வாங்குவதே சரி. மற்றவர்கள் விரித்துத் தந்த பிடிஓ கோப்புகளை (பெப்பகூராவின் சொந்தக் கோப்பு வகை) வைத்து மட்டும் வேலை செய்பவர்களுக்கு இலவசமான பெப்பகூரா வியூவர் போதும். இரண்டும் விண்டோஸுக்கானவை.

இனி அளவுக்கு வருவோம். முப்பரிமாண உருவங்கள் வழக்கமாக வரும் எஸ்டிஎல், ஓபிஜே வகைக் கோப்புகளில் அலகு கிடையாது. 250 என்றால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்பு சொல்லாது. எனவே மென்பொருள் முதலில் காட்டும் உயரத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. 'உயரம் 300 வைத்தால் பெரியவர்களுக்குப் பொருந்தும்' என்று யாரோ சொன்ன எண்ணையும் அப்படியே எடுக்க வேண்டாம். உச்சியில் கொம்போ கொண்டையோ உள்ள கவசத்தில் அந்த 300-இல் தலைக்குக் கிடைப்பது 220 ஆகவும் இருக்கலாம்.

தலையை அளக்க இன்ச் டேப் உதவாது, சுற்றளவை மட்டும் தரும். சுவரை ஒட்டி நின்று இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்களைக் காதுகளின் இருபுறமும் நிமிர்த்தி வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து பின்தலை வரையிலும் அதே முறை. காதோடு காது 180 மி.மீ., மூக்கிலிருந்து பின்தலை 220 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. ஃபோம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 20. உள்ளே பஞ்சுக்கும் காற்றுக்கும் பக்கத்துக்கு 10, அதுவும் 20. ஆக வெளி அகலம் 220, வெளி ஆழம் 260 தேவை. கோப்பில் அகலம் 250, ஆழம் 285, உயரம் 330 இருக்கிறது. அகலத்தின்படி விகிதம் 220 வகுத்தல் 250, அதாவது 0.88. ஆழத்தின்படி 260 வகுத்தல் 285, அதாவது 0.912. இரண்டில் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். 0.88-ஐ எடுத்தால் காது தப்பிக்கும், மூக்கு இடிக்கும். 0.912 என்றால் உயரம் 301, அகலம் 228. பக்கத்துக்கு 4 மி.மீ. கூடுதலாக வரும் இடைவெளியைப் பஞ்சு அடைத்துவிடும்.

இத்தோடு முடியவில்லை. தலை உள்ளே நுழைவது கழுத்துத் திறப்பு வழியாக. பல தலைக்கவசங்களில் அந்தத் திறப்பு உள்வெளியைவிடக் குறுகல். முப்பரிமாணப் பக்கத்தில் திறப்பின் முன்-பின் நீளத்தைப் பாருங்கள். அது விகிதத்தால் பெருக்கிய பிறகும் மூக்கு-பின்தலை அளவைவிடக் குறைந்தால் கவசத்தைப் பெரிதாக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் முன்பாதி, பின்பாதி என்று வெட்டி, காந்தமோ வெல்க்ரோவோ வைத்துச் சேர்ப்பதுதான் சரி. திறப்புக்காக மொத்தக் கவசத்தையும் பெரிதாக்கினால் தோளுக்கு மேல் பூசணிக்காய் வைத்தது போல இருக்கும்.

ஃபோமில் புதியவர்கள் விழும் பெரிய குழி தடிமன். மென்பொருளின் கணக்கில் எல்லாப் பரப்பும் தடிமன் இல்லாதது. சார்ட் அட்டைக்கு அது ஒத்துவரும். கால் மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. அதனால் அட்டையில் மாதிரி செய்து பார்த்து, கச்சிதமாகப் பொருந்தியதும் அதே விகிதத்தில் ஃபோமை வெட்டினால் உள்ளே கை நுழையாது. வளைக்கும்போது ஃபோமின் வெளிப்பக்கம் விரிகிறது, உட்பக்கம் சுருங்குகிறது, நடுப்பகுதி மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. ஆகவே சுற்றி மூடும் எந்தத் துண்டிலும் உட்சுற்றளவு, வெட்டிய நீளத்தைவிடத் தடிமனின் 3.14 மடங்கு குறையும். முன்கையின் தடித்த இடம் 280 மி.மீ., லூஸுக்கு 20 என்றால் உள்ளே 300 வேண்டும். 10 மி.மீ. ஃபோமில் துண்டின் நீளம் 331 இருக்க வேண்டும், 5 மி.மீ. ஃபோமில் 316. அந்த 31-ஐ விட்டுவிட்டால் வரும் கவசம் 269 மி.மீ.தான். 280 சுற்றளவுள்ள கை அதில் எப்படி ஏறும்? சாய்வாக வெட்டி மூலையாகச் சேர்க்கும் இடங்களில் கதை சற்று வேறு: அங்கே அச்சடித்த துண்டின் அளவு வெளிப்பரப்புக்குப் பொருந்தும், தடிமன் முழுக்க உள்ளே போகும்.

உடம்பில் எங்கே அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மார்பை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் அளக்க வேண்டும். தொடையை உட்கார்ந்த நிலையில், ஏனென்றால் உட்கார்ந்தால் தொடை பருக்கும். கெண்டைக்கால் துண்டின் உயரத்தைக் காலணி போட்ட பிறகு, முட்டி மடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வரை. எல்லா அளவும் கவசத்துக்கு அடியில் போடப்போகும் உடையோடு எடுத்தவையாக இருக்கட்டும். முன்கைக் கவசத்தில் மணிக்கட்டுத் திறப்பு வழியாக, கட்டைவிரலை உள்ளே மடக்கிய கை போகிறதா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் உட்பக்கம் நீளவாக்கில் ஒரு பிளவும் வெல்க்ரோவும்.

இப்படி அளந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு விகிதம் வரும். அது தவறில்லை. முழுக் கவசத்துக்கும் ஒரே விகிதம் வைப்பது, வரைந்த உருவத்துக்கும் அணிபவருக்கும் ஒரே உடல்வாகு என்று நம்புவது போல. ஆனால் அடுத்தடுத்த துண்டுகளின் விகிதங்கள் பெரிதும் விலகினால் கண்ணுக்கு உறுத்தும். தோள் 1.05, மார்பு 0.85 என்று வந்தால் இரண்டையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நெருக்கிக்கொள்ள வேண்டும்.

பெப்பகூராவில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்: அளவு மாற்றினால் உயரம், அகலம், ஆழம் மூன்றும் ஒரே விகிதத்தில் மாறும். உயரமும் மெலிவும் உள்ளவருக்கு மார்புக்கவசத்தை நீட்டி, அகலத்தை அப்படியே விட வேண்டுமானால், விரிப்பதற்கு முன்பே பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு அச்சில் மட்டும் இழுத்துவிட்டு இங்கே கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே விரித்த பிடிஓ கோப்பு மட்டும் கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. அகலத்துக்குச் சரியான விகிதத்தில் அச்சடித்து, வயிற்றுப் பகுதியில் குறுக்கே வெட்டி, வேண்டிய உயரத்துக்கு ஒரு பட்டையை இடையில் சேர்க்கலாம். அலங்காரக் கோடுகள் இல்லாத இடத்தில் வெட்டினால் வெளியே தெரியாது.

அளவு மாற்றியதும் துண்டுகள் பக்க எல்லைகளைத் தாண்டி நிற்கும். மறுபடி அடுக்க வேண்டும். ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ.; அதில் அடங்காத துண்டை மென்பொருளிலேயே வேறு விளிம்பில் பிரிக்கலாம், அல்லது இரண்டு பக்கங்களில் அச்சடித்து டேப் ஒட்டலாம். ஃபோமுக்கு இரண்டாவது வழியே நல்லது, தேவையற்ற இணைப்பு வராது. அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கினாலே 300 மி.மீ. துண்டு 291 ஆகிவிடும், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்து, நீளம் தெரிந்த ஒரு விளிம்பை அளவுகோலால் அளந்த பிறகு மற்றதை அச்சடியுங்கள்.

காகிதத்துக்கு விரித்த கோப்பையும் ஃபோமுக்கு விரித்த கோப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காகிதக் கோப்பில் வளைவுகளெல்லாம் குட்டிக் குட்டி முக்கோணங்களாக இருக்கும், ஒட்டுப்பட்டைகள் இருக்கும். 160 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டையில் அதைச் செய்து, வெளியே மெல்லிய பூச்சாகவும் உள்ளே கண்ணாடி இழைத் துணியோடும் பாலியஸ்டர் ரெசின் பூசிக் கெட்டியாக்குவது பழைய முறை. வடிவம் துல்லியமாக வரும். ஆனால் கனம் அதிகம், விழுந்தால் விரிசல் விடும், ரெசினின் ஆவிக்குக் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம். சாதாரணத் தூசி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. ரெசின் இறுகுவதற்காகக் கலக்கும் கடினவூக்கியை அதிகம் ஊற்றினால் ரெசின் சூடேறிக் காகிதத்தையே முறுக்கிவிடும்.

காகிதக் கோப்பை ஃபோமுக்கு மாற்ற, ஒட்டுப்பட்டைகளை நீக்கி, ஒரே வளைவில் வரும் பக்கத்துத் துண்டுகளை இணைத்து, மெல்லிய மடிப்புகளை மறைத்துவிட வேண்டும். முக்கோணங்களாக இருந்தவை ஒரு நீளத் துண்டாகிவிடும். வளைவைச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பார்த்துக்கொள்ளும். விளிம்பு எண்களோடு, சேர வேண்டிய இடங்களில் 50 மி.மீ.க்கு ஒரு குறுக்குக் கோடும் ஃபோமில் போட்டுவையுங்கள். நீளமான வளைந்த விளிம்பை ஒட்டும்போது ஃபோம் இழுபட்டு, கடைசியில் ஒரு பக்கம் மீந்து நிற்கும். அதற்கு மருந்து இந்தக் கோடுகள்தான். வலது கைத் துண்டுகளைத் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தால் இடது கை வந்துவிடும், இன்னொரு முறை அச்சடிக்க வேண்டாம். திருப்பிய துண்டில் 'இ' என்று உடனே எழுதிவிடுங்கள்.

வெட்டும் கத்தி மழுங்கியிருந்தால் ஃபோமின் விளிம்பு பல்பல்லாகக் கிழியும், ஒட்டினாலும் கோடு தெரியும். வெட்டிய துண்டை ஹீட் கன்னால் இரு பக்கமும் சூடாக்கினால் பரப்பு லேசாக மினுங்கும். அப்போது வளைத்து, ஆறும் வரை கையால் பிடிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் வளைப்பதுதான் முறை. தட்டையாக ஒட்டிவிட்டுப் பிறகு வளைத்தால் இணைப்பு வாயைப் பிளக்கும். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரண்டு விளிம்பிலும் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்ப்பதே இணைப்பு விட்டுப்போக முதல் காரணம். சன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்போ சூடான ஹீட் கன்னோ இல்லாமல் இதைச் செய்யுங்கள்.

மாற்று வேண்டுவோருக்கு இரண்டு உண்டு. பிளெண்டரும் அதன் காகித மாதிரி ஏற்றுமதி இணைப்பும் இலவசம். மூன்று அச்சிலும் தனித்தனியாக அளவு மாற்றலாம், ஆனால் துண்டுகளை அடுக்குவதிலும் பிரிப்பதிலும் பெப்பகூராவின் எளிமை அதில் இல்லை. ஆர்மர்ஸ்மித் டிசைனர் உங்கள் அளவில் ஓர் உடலை உருவாக்கி, அதன்மேல் கவசத்தை வைத்துப் பார்க்க விடும். முழு உடல் கவசம் செய்பவர்கள் அதில் அளவைப் பிடித்து, பெப்பகூராவில் விரித்து அச்சடிப்பது நல்ல ஏற்பாடு. தலைக்கவசம், கைக்கவசம் அளவோடு நிற்பவர்களுக்குப் பெப்பகூராவும் ஒரு கணக்குத் தாளும் போதும்.

அந்தத் தாளில் உறுப்பின் பெயர், வைத்த விகிதம், ஃபோம் தடிமன், கோப்பின் பெயர் நான்கையும் எழுதி, அதே விகிதத்தை ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் பேனாவால் குறித்துவையுங்கள். ஒரு துண்டு கிழிந்து மறுபடி வெட்ட நேர்ந்தால் 0.91-ஆ 0.92-ஆ என்று தடுமாற வேண்டியிருக்காது.