இறால் குட்டைக்கு "மூலிகைப் பொடி" கொண்டுவந்தால் உஷார்!

சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல், பழையார் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறவங்க, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. மஞ்சள் நிறப் பொடி ஒண்ணு, "தாய்லாந்து மூலிகை மருந்து"ன்னு சொல்லி, தீவன டீலர் மூலமாவே குட்டைக்கு வருது. அதைத் தின்ன இறால் ஏற்றுமதிக்குப் போகாது. என் ரெண்டு குட்டைச் சரக்கு அப்படித்தான் போச்சு.

மாசியில குஞ்சு விட்டோம். குஞ்சு விஷயத்துல எங்க ஊர்க்காரங்களை யாரும் ஏமாத்த முடியாது. குஞ்சு பொரிக்கற ஹேட்சரிக்குக் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையப் பதிவு இருக்கா, நோய்க்கிருமி இருக்கான்னு பிசிஆர் சோதனை பார்த்தாச்சா, முட்டை போடற தாய் இறால் சென்னை நீலாங்கரை தனிமைப்படுத்தும் நிலையத்துல இருந்துட்டுத்தான் வந்ததான்னு துருவித் துருவிக் கேட்பாங்க. அதே ஆட்கள் தீவனத்துல கலக்கற டப்பாவைப் பத்தி வாயே திறக்கறதில்லை. காரணம் அறியாமை இல்லை, கடன். தீவனம் கடனுக்குத் தர்றவர்தான் மருந்தும் தர்றார். மருந்து வேண்டாம்னு சொன்னா அடுத்த தீவன லோடு ரெண்டு நாள் தள்ளி வரும். குட்டை வச்சிருக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு நாள் என்னன்னு தெரியும்.

சித்திரை கடைசியில, எங்க மூணு குட்டையில ரெண்டுல, இறால் வெள்ளையா கழியற வெள்ளைக் கழிச்சல் நோய் ஆரம்பிச்சது. காத்து ஒதுக்கற மூலையில வெள்ளை வெள்ளையா நூல் மிதந்தது. இறால் தின்னுதான்னு பார்க்க வைக்கற செக் ட்ரேயில தீவனம் மிஞ்சிச்சு. டீலர் அனுப்பின டெக்னீசியன் பையன் வந்து பார்த்துட்டு, வண்டியிலிருந்து ஒரு வெள்ளிக் கலர் பாக்கெட்டை எடுத்தார்.

"அண்ணே, இது கெமிக்கல் இல்லண்ணே. மஞ்சள், வேப்பிலை, பூண்டு. தாய்லாந்துல எல்லாரும் இதைத்தான் போடறாங்க. தீவனத்துல ஜெல் போட்டுக் கலந்து வைங்க, ஒரு வாரத்துல நின்னுடும்."

"ஆன்டிபயாடிக் ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"சேச்சே, வெளிநாட்டுச் சரக்குண்ணே. அங்கெல்லாம் அதை விடுவானா?"

டீலர்கிட்டயும் வாட்ஸ்அப்ல கேட்டேன். "நூறு சதவீதம் ஆன்டிபயாடிக் ஃப்ரீ, என் பொறுப்பு"ன்னு பதில் போட்டார். அந்த மெசேஜ் இன்னமும் என் போன்ல இருக்கு.

பாக்கெட்ல புரியாத எழுத்து நிறைய. கீழே சின்னதா "இம்போர்ட்டட்"னு ஒரு ஸ்டிக்கர். இறக்குமதி செஞ்சவர் பேர் இல்லை, விலாசம் இல்லை, எந்த மாசம் வந்ததுன்னு இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர்ற பாக்கெட் சரக்குல இறக்குமதியாளர் பேரும் விலாசமும் கட்டாயம் இருக்கணும்னு 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதியே சொல்லுது. கேட்டதுக்கு, அந்தப் பையன் "கன்டெய்னர்ல மொத்தமா வருதுண்ணே, அட்டைப்பெட்டி மேலதான் அதெல்லாம் இருக்கும்"னார். அந்த அட்டைப்பெட்டியை யாரும் பார்த்ததில்லை.

போட்டதும் கழிச்சல் குறைஞ்ச மாதிரிதான் இருந்தது. அப்புறம் திரும்பவும் வந்தது. வரத்தான் செய்யும். வெள்ளைக் கழிச்சலுக்குப் பின்னாடி பெரும்பாலும் நிக்கிறது இஎச்பி. அது பாக்டீரியா இல்லை, இறாலோட ஈரல் கணையத்துக்குள்ள வாழற நுண்ணிய ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. வெண்புள்ளி நோய் வைரஸ், அதுக்கும் இதே கதைதான். கூடவே இருக்கிற விப்ரியோ பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். அந்த "கொஞ்சம்"தான் இந்த டீலர்களோட மொத்த வியாபாரமும்.

பிடிப்புக்கு முன்னாடி இறாலைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பற பிளான்ட் ஒண்ணு விலை பேசினாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு எல்லா வியாபாரியும் ஐரோப்பா பக்கம் திரும்பினது உங்களுக்கே தெரியும். ஐரோப்பாவுக்குப் போகணும்னா பிடிக்கறதுக்கு முன்னாடியே குட்டை இறாலை எம்பெடாவோட (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) எலிசா லேப்ல, ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கான்னு சோதிச்சுச் சான்றிதழ் வாங்கணும். மூணு குட்டைக்கும் சாம்பிள் போச்சு. பொடி போடாத குட்டை பாஸ். பொடி போட்ட ரெண்டும் பெயில். ரிப்போர்ட்ல வந்தது ஏஓஇசட். ஃபுரசோலிடோன்னு ஒரு ஆன்டிபயாடிக் இருக்கு, நைட்ரோபியூரான் வகை. அதைத் தின்ன உடம்புல மிஞ்சற எச்சம்தான் இது.

ஃபுரசோலிடோனும் மஞ்சள் பொடிதான். மூலிகைக் கதைக்கு எவ்வளவு வசதி பாருங்க.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு மிச்சம் இருந்த பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டுல போட்டு, வெத்தலைச் சுண்ணாம்பைத் தொட்டுக் குழைச்சாங்க. மஞ்சள்னா ஆரத்தி மாதிரி செக்கச்செவேல்னு ஆகணுமில்ல? ஆகலை. "இதுல மஞ்சளே இல்லடா"ன்னாங்க. இதை வச்சு ஆன்டிபயாடிக் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது, லேப்தான் சொல்லணும். ஆனா பையன் சொன்ன மூலிகைப் பட்டியல்ல முதல் அயிட்டமே பொய்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

"கொஞ்சூண்டு இருந்தா என்ன, தண்ணி மாத்தினா போயிடும்"னு டீலர் சொன்னார். போகாது. ஐரோப்பாவுல நைட்ரோபியூரான் எச்சத்துக்கு 2022 நவம்பர்லேருந்து உள்ள அளவு ஒரு கிலோ இறாலுக்கு அரை மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில பாதிப் பங்கு. அந்த எச்சம் இறால் சதையோட புரதத்துல போய் ஒட்டிக்கும். ஐஸ் போட்டாலும் போகாது, வேகவைச்சாலும் போகாது. 2016-லேருந்து இந்திய வளர்ப்பு இறால் சரக்குல பாதியை அவங்க துறைமுகத்துல சோதிக்கிறாங்க, அதுக்கு முன்னாடி 10 சதவீதம்தான். அங்க ஒரு கன்டெய்னர் மாட்டினா அடி பிளான்ட்டுக்கு. பிளான்ட் அடுத்த வருஷம் நம்ம ஊர்ப் பக்கமே தலைவச்சுப் படுக்காது.

இன்னொரு வியாபாரி, "உள்ளூர் மார்க்கெட்ல தள்ளிடலாம், யார் பார்க்கப்போறா"ன்னார். நம்ம பிள்ளைங்க தின்னா மட்டும் பரவாயில்லையா? நைட்ரோபியூரானும், குளோராம்பெனிகால்ங்கிற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் உணவுக்கு வளர்க்கிற எந்த உயிருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு, அந்த உபயோகத்துக்காக அந்த மருந்துகளை இறக்குமதி பண்றது, தயாரிக்கிறது, விக்கிறது எல்லாத்தையும் மத்திய அரசு 2025-ல தடை பண்ணிடுச்சு. வேற வழி தெரியாம, எச்சம் கொஞ்சமாவது குறையாதான்னு டீசல் ஊத்தி ஏரேட்டர் ஓட்டிக் காத்திருந்தோம். மழை இறங்கினதும் வெண்புள்ளி வந்துடுச்சு. பிளீச்சிங் போட்டு ரெண்டு குட்டையையும் அழிச்சோம்.

டீலர் இப்போ என்ன சொல்றார் தெரியுமா? அந்தப் பொடியை அவர் விக்கவே இல்லையாம். பில்லை எடுத்துப் பார்த்தா "மினரல் மிக்ஸ்"னு எழுதியிருக்கு. டெக்னீசியன் பையன் வேலையை விட்டுப் போயிட்டாராம். தீவனக் கடனுக்கு மட்டும் ஆள் சரியா வர்றாங்க.

பாக்கெட், பில், வாட்ஸ்அப் மெசேஜ், லேப் ரிப்போர்ட் எல்லாத்தையும் சேர்த்து மீன்வளத் துறையிலயும் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்துலயும் புகார் கொடுத்திருக்கேன். நுகர்வோர் மன்றத்துக்கும் போறேன். பொடி போடாத குட்டை பாஸ் ஆனதுதான் என் பக்கம் இருக்கிற பெரிய சாட்சி, ஏன்னா மூணுக்கும் குஞ்சு ஒண்ணு, தீவனம் ஒண்ணு, தண்ணி ஒண்ணு.

உங்க குட்டைக்கு யாராவது மருந்து கொண்டுவந்தா, ஆன்டிபயாடிக் இல்லைன்னு ஆணையத்துல பதிவான பொருளான்னு முதல்ல கேளுங்க. பதிவுப் பட்டியல் அவங்க இணையதளத்துலயே இருக்கு. வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதி அனுமதி நகலைக் கேளுங்க. பில்லுல பாக்கெட்ல இருக்கிற அதே பேர், அதே பேட்ச் நம்பர் எழுதச் சொல்லுங்க, "மினரல்"னு எழுதினா டப்பாவை வாங்கவே வாங்காதீங்க. ஒரு பாக்கெட்டைப் பிரிக்காம ஓரமா வைங்க. சந்தேகம்னா சீர்காழி பக்கத்துலயே ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம் இருக்கு, நேரா போய்க் கேளுங்க. வாசல்ல வர்ற டெக்னீசியன் விக்க வந்த ஆள்.

இந்த சீசன்ல அந்த மஞ்சள் பொடியை ஏற்கெனவே போட்டவங்க இருந்தா, பிடிப்புத் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி நாகப்பட்டினம் எலிசா லேப்ல சாம்பிள் கொடுத்துடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தக் குட்டைச் சரக்கை அடுத்தவர் லோடோட சேர்க்காதீங்க. சேர்த்தா அவர் சரக்கும் சேர்ந்து பெயில் ஆகும். இப்போ வேதாரண்யம் பக்கம் அதே பொடி பச்சைக் கலர் பாக்கெட்ல வருதுன்னு கேள்விப்பட்டேன். யார்கிட்டயாவது இருந்தா பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, புகாரோட சேர்க்கணும்.