செழியனா, வழுதியா, மாறனா?

ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த என் மகனுக்குச் சான்றிதழில் ஒரு பெயர் எழுத எங்களுக்குப் பத்து மாதங்கள் ஆயின. பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம் என்பதால், சட்டம் எங்களை விரட்டவில்லை, வீடுதான் விரட்டியது. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற எங்கள் பக்கத்து வழக்கப்படி, முப்பதாம் நாளே என் தங்கை சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்து, பிள்ளையின் காதில் 'பெரியகருப்பன்' என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். அது சாமிக்கும் வீட்டுக்குமான பெயர். பள்ளிக்கும் அலுவலகங்களுக்குமான பெயர் எது என்பதில்தான் மீதி ஒன்பது மாதங்களும் போயின.

பாண்டியர் பெயராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மதுரையில் பாண்டி, பாண்டியராஜன், முத்துப்பாண்டி என்ற பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. என் வகுப்பில் மட்டும் நான்கு பாண்டிகள் இருந்தார்கள். ஆசிரியர் அவர்களை ஊர்ப்பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஆகவே அந்த மரபின் மற்றப் பெயர்களை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி ஒவ்வொன்றாக அடித்தோம். மீனவன் என்றால் இன்று தொழில்தான் நினைவுக்கு வருகிறது. பஞ்சவனும் கவுரியனும் பேச்சுவழக்கில் நிற்கவில்லை. தென்னவனை மைத்துனர் தம் மகனுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார். எஞ்சியவை செழியன், வழுதி, மாறன் ஆகிய மூன்று. முடிவில் மாறன் என்று வைத்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பொருளைப் பொறுத்தவரை நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. செழியன் செழிப்போடு சேர்ந்த சொல். மாறன் பகைவருக்கு மாறாக நிற்பவன் என்று விளக்கப்படுகிறது. வழுதிக்கு அகராதி பாண்டியன் என்றே பொருள் தருகிறது. மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வரலாறு என்று பார்த்தால் செழியனுக்கு ஈடு கிடையாது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் மதுரையை மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடியதுதான் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் அதைவிட நீண்ட பாட்டு இல்லை. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்று அதே அரசன் வஞ்சினம் கூறிய பாட்டு புறநானூற்றில் 72-ஆவதாக இருக்கிறது. தன்னைப் பாடாமல் விடுவதையே தண்டனையாக எண்ணிய ஒருவனின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் என் அப்பத்தாவுக்கு நெடுஞ்செழியன் என்றால் கண்ணகிக்குத் தப்பாகத் தீர்ப்புச் சொன்ன ராசா மட்டும்தான். இவன் வேறு, அவன் வேறு என்று நான் எடுத்துச் சொல்லியும், "ரெண்டு பேருக்கும் பேரு ஒண்ணுதானப்பா" என்று முடித்துவிட்டார்.

வழுதிக்கும் பெருமை குறைவில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி புறநானூற்றிலும் வருகிறான், அவன் கொடுத்த ஊரைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட வேள்விக்குடிச் செப்பேட்டிலும் வருகிறான். 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் மாண்டவர் பெயர் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, இந்தத் தகவலை மட்டும் நான் வீட்டில் வாய்திறக்கவில்லை.

செழியனும் வழுதியும் ஒரே கல்லில் இருப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மதுரைக்கு வடகிழக்கே, அரிட்டாபட்டியை அடுத்த மீனாட்சிபுரத்து மலைக்குப் போகலாம். மாங்குளம் கல்வெட்டுகள் என்று ஆய்வாளர்கள் சொல்பவை அங்கேதான் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த அந்தத் தமிழி (தமிழ்ப் பிராமி எழுத்து) கல்வெட்டுகளில் ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி சமணத் துறவிக்குக் குகைப் பள்ளி வெட்டுவித்ததைச் சொல்கிறது. திருமணத்திற்கு முன்பு ஒரு மார்கழிக் காலையில் ஏறிப் பார்த்திருக்கிறேன். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய காடியும், அதன் கீழே கற்படுக்கைகளும் இருக்கின்றன. அந்தக் கல்லில் அரசனின் பெயர் 'நெடுஞ்சழியன்' என்று வெட்டப்பட்டிருக்கிறது, வழுதியின் பெயர் 'வழுத்திய்' என்று வருகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு பெயர்களையும் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று அப்போது வேடிக்கையாக எண்ணிக்கொண்டேன்.

மாறன் இவ்வளவு பழைய கல்லில் எனக்குக் காட்டக் கிடைக்கவில்லை. ஆனால் புழக்கத்தில் அவனே நீண்ட நாள் இருந்திருக்கிறான். பிற்காலப் பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். 1216-இல் பட்டத்துக்கு வந்த சுந்தரபாண்டியன் மாறவர்மன்தான். அவனுக்கும் முன்பு, சம்பந்தர் திருநீறு பூசி வெப்புநோய் தீர்த்ததாகச் சொல்லப்படும் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன். மாமியார் வீட்டில் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு 'மந்திரமாவது நீறு' பதிகமும் ஓதுவார்கள். அந்தப் பதிகம் பிறந்த கதையின் நாயகன் பெயர் என்றதும் அவர்கள் பக்கம் எதிர்ப்பு பாதி அடங்கியது. எங்கள் பக்கம் அழகரைக் கும்பிடுகிறவர்கள். நம்மாழ்வாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மாறன், பிறந்தபோது அழாமல் உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் அப்படி அழைத்தார்கள் என்ற மரபு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு குடும்பமும் தத்தம் கோவில் வழியாக ஏற்றுக்கொள்ளக்கூடிய பெயர் மூன்றில் இது ஒன்றுதான்.

நட்சத்திர எழுத்துப்படி மட்டும் பார்த்திருந்தால் வழுதிதான் வென்றிருக்க வேண்டும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு வேறு இருந்ததால், எழுத்தையாவது மீறாதீர்கள் என்று மாமியார் வற்புறுத்தினார். மைத்துனரே, "எனக்கு ஒண்ணும் ஆகாது மாப்ள, நல்ல பேரா வைங்க" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. வழுதி என்ற பெயருடைய ஒருவரையும் நான் நேரில் சந்தித்ததில்லை. ஆகவே அந்தப் பெயரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இகரத்தில் முடிவதால், தொலைபேசியில் கேட்ட இரண்டு உறவினர்களும் பெண் பிள்ளையா என்று கேட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பெயரின் பராமரிப்பு. பெயர் வைப்பது ஒரு நாள் வேலை. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது ஆயுள் முழுக்க வேலை. என் பெயர் அழகர்சாமி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ழகரத்துக்கு இசட் ஹெச், குடும்ப அட்டையில் எல், வங்கிக் கணக்கில் எல் போட்டு இறுதியில் ஒய்க்குப் பதிலாக ஐ. பழைய வேலையில் சேர்ந்திருந்த சேமிப்பை எடுக்க விண்ணப்பித்தபோது, ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஊழியருக்கு நான்தான் அழகர்சாமி என்பதில் சந்தேகமே இல்லை, கணினிக்குத்தான் இருந்தது. பழைய நிறுவனத்தின் கையெழுத்துக்காக நான்கு முறை பேருந்து ஏறி, ஐந்தாவது மாதத்தில்தான் பணம் கைக்கு வந்தது.

அந்த அனுபவத்தோடு செழியனை எழுதிப் பார்த்தேன். முதலெழுத்துக்கு எஸ் அல்லது சி ஹெச். ழகரத்துக்கு இசட் ஹெச், எல், வெறும் இசட் என மூன்று. இறுதியில் ஒய் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு. ஆக இரண்டு, மூன்று, இரண்டைப் பெருக்கினால் பன்னிரண்டு விதங்கள். நாள்காட்டித் தாளில் இடம் போதாமல் ஓரத்தில் திருப்பி எழுதினேன். இது கற்பனைக் கணக்கு அன்று. திராவிட இயக்கக் காலத்தில் நாராயணசாமி என்ற பெயரை மாற்றிக்கொண்ட நாவலர் நெடுஞ்செழியனின் பெயர் ஆங்கிலத்தில் சி ஹெச் கொண்டு எழுதப்படுகிறது; சீனிவாசனாக இருந்து செழியனான அவர் தம்பி இரா. செழியன் எஸ் போட்டு எழுதினார். உடன்பிறந்தவர்களிடமே இரண்டு விதம் என்றால், கணினி மையத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்யும் பிள்ளையிடம் ஒரே விதத்தை எப்படி எதிர்பார்ப்பது? போதாக்குறைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் ழகரம் ளகரமாகத்தான் வாயில் வரும். பழம் பளமாவது போலச் செழியன் செளியனாவான், கேட்டு எழுதுகிறவர் தயங்காமல் எல் போடுவார். வழுதியைப் பெருக்கிப் பார்த்தால் அதுவும் பன்னிரண்டுக்குக் குறையவில்லை.

மாறனில் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ரயில்வேயில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒன்றைச் சொன்னார். ஆங்கிலத்தில் எம்முக்குப் பின் ஒரே ஒரு ஏ போட்டு எழுதினால், இந்தி பேசுகிற அவருடைய அலுவலக நண்பர்கள் அதை 'மரண்' என்று வாசிப்பார்களாம். பொருள் நமக்கும் தெரிந்த மரணம்தான். இது சின்னக் குறை இல்லை. அன்றிரவு மறுபடியும் செழியன் பக்கம் போய்வந்தேன். பிறகு இரண்டு ஏ என்று முடிவுசெய்தோம். இரண்டே விதங்களில் ஒன்றை முதல் நாளே உறுதி செய்து காப்பது, பன்னிரண்டில் ஒன்றைக் காப்பதைவிட எளிது என்பதுதான் என் கணக்கு. எண்கணிதம் பார்க்கிற ஒருவர் கூடுதலாக இன்னொரு 'என்' எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். அதை மட்டும் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

தமிழில் மாறனுக்கு வேறொரு கவனம் வேண்டும். வல்லின றகரத்தை விட்டு இடையினம் போட்டால் மாரன், அதாவது மன்மதன். அது கெட்ட பெயர் அன்று, ஆனால் நாங்கள் வைத்த பெயர் அன்று. பெயர் சேர்க்கப் போன நாளில் திரையில் 'மாரன்' என்றுதான் முதலில் விழுந்தது. அச்சிடும் முன் கேட்டு, நின்று, திருத்தச் சொன்னேன். மாறன் என்றால் ஓர் அரசியல் குடும்பம்தான் தமக்கு நினைவுக்கு வருகிறது என்று மைத்துனர் இன்னமும் சொல்கிறார், மறுக்க முடியாது. ஷகரமும் ஸகரமும் நிறைந்த பெயர்களுக்கு நடுவே இவன் பள்ளியில் தன் பெயரை எப்படி எடுத்துக்கொள்வான் என்பதும், இரண்டு வயது ஆகாத பிள்ளையை வைத்துச் சொல்லக்கூடியதன்று. இப்போதைக்கு அப்பத்தா கூப்பிடும் 'கருப்பா'வுக்குத்தான் வேகமாகத் திரும்பிப் பார்க்கிறான்.

சென்ற மாதம் அவனுக்குக் கடவுச்சீட்டு எடுக்க விண்ணப்பத்தை நிரப்பினோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுவதே வழக்கம். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மாறன் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே தந்தை பெயர் என்ற இடத்தில், ழகரத்துக்கு எல், இறுதியில் ஐ. விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு, என் பெயரை ஒரே விதமாக்க அரசிதழ் படிவம் வாங்கி வந்திருக்கிறேன்.