17 வருஷத்துக்குப் பிறகு கராத்தே: பழைய ஷோடோகானா, புதிதாய் கோஜுவா?

"ஏ.எல். சோதனை முடியட்டும், பிறகு போகலாம்" என்றார் அம்மா. அந்தப் பிறகு வர 17 வருஷம் எடுத்தது. இடையில், கறுப்புக்கு முந்திய என் மண்ணிற பெல்ட் அலுமாரிக்கு மேலே ஒரு பழைய மெத்தையைக் கட்டி வைத்திருந்தது.

முதலில் பழகிய ஷோடோகான் என்ற கராத்தேப் பள்ளிக்கே திரும்பினேன். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் போகக்கூடிய ஒரு மண்டபம். "இச், நி, சன்" என்று எண்ணத் தொடங்கியதும் கால் தானாகவே முன்னே போனது. ஹெய்யான் வரிசையின் முதல் கத்தாவான (ஒழுங்காகக் கோத்த அசைவுத் தொடர்) ஹெய்யான் ஷோதானின் 21 அசைவும் பிசகாமல் வந்தன. அந்தப் புளுகத்தில், அரைகுறையாய் உடம்பைச் சூடாக்கிவிட்டு மவாஷி கெரி என்ற சுழற்றி உதை ஒன்றை உயர எறிந்தேன். பின்தொடையில் படக்கென்று ஒரு சத்தம். அடுத்த இரண்டு கிழமையும் பஸ் மிதிபலகையில் ஏறுவதே பெரும்பாடு. மண்டபத்திலோ சென்செய்யிலோ (ஆசிரியர்) குற்றமில்லை, என் அவசரம்தான்.

திரும்பி வருபவனுக்குள்ள சிக்கலே இதுதான். அசைவுகளின் ஒழுங்கு மூளையை விட்டுப் போவதில்லை. தசையும் சில மாதத்தில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள்தான் மெதுவாகப் பலப்படும். தலை 21 வயசு வேகத்தில் ஓடும், குதிக்கால் நாண் 38இல் நிற்கும்.

ஷோடோகானில் அந்த இடைவெளி கூடுதலாகத் தெரியும். ஷோடோகானைத் தொடக்கிய ஃபுனாகோஷி 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுபோன கலை, அங்கே வளர வளர நிலைகள் நீண்டு தாழ்ந்தன. சென்குட்சு டாச்சி என்ற முன்சாய்ந்த நிலையில் முன்முழங்கால் நன்றாக மடியும், உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் அதில் இறங்கும். நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு வரும் இடுப்புக்கு இது இலேசில்லை. ஆனால் இழந்ததைக் கெதியாய் மீட்பதும் இங்கேதான். விட்டு மூன்று, நாலு வருஷம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பழைய இடத்துக்கே போங்கள்.

கோஜு ரியு என்ற இன்னொரு கராத்தேப் பள்ளியில் கணக்கு வேறு. மியாகி சோஜுன் வகுத்த இந்த வழியின் அத்திவாரம் சன்சின் என்ற கத்தா. கால்கள் தோளகலத்தில், விரல்கள் சற்றே உள்ளே திரும்பி, முழங்கால் கொஞ்சமாய் மடிந்து, மூச்சோடு முழு உடம்பையும் இறுக்கி மெதுவாக முன்னேறுவது. பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். மூன்றாவது அடியிலேயே வியர்வை தரையில் சொட்டும். சென்செய் பின்னால் வந்து உள்ளங்கையால் தோளில் பட்டென்று தட்டி, இறுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மூச்சை அடக்கி இறுக்கினால் அழுத்தம் ஏறும்.

எனக்குப் பெரிய இலாபம் வேறொன்று. இங்கே ஹெய்யான் கிடையாது. பழைய ஞாபகம் வந்து என்னைத் தள்ளிவிட வழியில்லை. ஷிதோ ரியு என்ற மற்றப் பள்ளிக்குப் போயிருந்தால் குழப்பம்தான்: ஹெய்யானுக்கு அங்கே பினான் என்று பேர், பினான் நிதான் (இரண்டாவது) என்பது நம்முடைய ஹெய்யான் ஷோதான், ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருக்கும். எந்த பெல்ட்டைக் கட்டுவது என்ற மானப் பிரச்சினையும் கோஜுவில் இல்லை. புதுப் பள்ளி, வெள்ளை பெல்ட், கதை முடிந்தது. பழைய இடத்தில் மண்ணிறத்தைக் கட்டிக்கொண்டு நின்றால், அந்த நிறத்துக்கு ஏற்றபடி உதைக்க வேண்டும் என்று மனம் அரிக்கும். என் பின்தொடை போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கியோகுஷின் என்ற முழுத்தொடுகைக் கராத்தே பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முகத்தில் கையால் குத்தக் கூடாது, மற்றபடி நெஞ்சிலும் தொடையிலும் அடி நிஜமாகவே விழும். உடற்பயிற்சிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மறுநாள் காலையில் அலுவலகத்தில் நான்கு மாடி ஏற வேண்டியவர் இரண்டு தடவை யோசிக்கலாம்.

தனியாகப் பழகுவது? சுதந்திர சதுக்கத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் இடம் தாராளம், காசும் இல்லை. நடக்க வருகிற அங்கிள்மார் நின்று பார்ப்பார்கள், அது பழகிவிடும். கத்தா செய்யலாம். எதிராளியோடு தூரம் கணிப்பதைத் தனியே பழக முடியாது, பிழையைத் திருத்தவும் ஆளிருக்காது. காலி முகத்திடலில் மாலையில் முயன்றேன். கடல் காற்றும் இறால் வடை வாசமும் சேர்ந்தால் யார் கிபா டாச்சியில் (குதிரைச் சவாரி நிலை) நிற்பது?

ஆக, இப்போது கிழமைக்கு இரண்டு நாள் கோஜு. ஞாயிறு காலை சதுக்கத்தில், யாருக்கும் காட்டுவதற்கில்லாமல், ஹெய்யான்.

வகுப்பில் கட்டளை சிங்களத்தில், எண் ஜப்பானிய மொழியில். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் பெல்ட் பிள்ளைக்குப் பதினொரு வயசிருக்கும். நான் பழக்கதோஷத்தில் காலை நீட்டி வைக்கும்போதெல்லாம், சென்செய்க்குக் கேட்காமல் தமிழில் சொல்வாள்: "அங்கிள், விரல் உள்ளுக்கு."