பாசன வடிவமைப்பு மென்பொருளுடன் 9 ஆண்டுகள்: வரைபடக் கோளாறுகளைக் கண்டுபிடித்த அனுபவம்

பூங்காக்களுக்கும் புல்வெளிகளுக்கும் பாசன அமைப்பை வரைவதற்காக, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் மேல் இயங்கும் ஒரு துணை மென்பொருளை 9 ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். தெளிப்பான்களை இடுவது, அவற்றை வால்வோடு இணைப்பது, குழாய் அளவைக் கணிப்பது, பொருட்பட்டியல் எடுப்பது ஆகிய எல்லாவற்றையும் அது ஒரே வரைபடத்துக்குள் செய்து தருகிறது. வேலை ஒழுங்காக நடக்கும் நாள்களில் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. அது தடுமாறிய நாள்களில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தொடக்க காலத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் மென்பொருளையே குறைசொல்லி, அதை நீக்கி மீண்டும் நிறுவுவேன். அப்படிச் செய்ததால் தீர்ந்த சிக்கல்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பெரும்பாலான கோளாறுகள் நிலஅளவையாளரிடமிருந்தோ கட்டட வடிவமைப்பாளரிடமிருந்தோ வந்து, நான் சோதிக்காமல் அப்படியே திறந்து வேலையைத் தொடங்கிய அடிப்படை வரைபடத்துக்குள் ஒளிந்திருந்தன. ஆகவே இப்போது முதல் சோதனை எனக்கு எப்போதும் ஒன்றுதான். புதிய வெற்று வரைபடம் ஒன்றைத் திறந்து, இரண்டு தெளிப்பான், ஒரு வால்வு, நடுவே ஒரு குழாய் வரைந்து அளவைக் கணிக்கச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே சரியாக நடந்தால் மென்பொருள் நலமாக இருக்கிறது என்று பொருள். பிறகு கோளாறான வரைபடத்தில் பாதிப் பொருள்களை டபிள்யூபிளாக் கட்டளையால் தனிக் கோப்பாக எடுத்துச் சோதிப்பேன். எந்தப் பாதியில் கோளாறு தொடர்கிறதோ அதை மேலும் பாதியாக்குவேன். இப்படித் திரும்பத் திரும்பப் பிரித்தால் குற்றவாளி ஒற்றைப் பிளாக்காகவோ (ஒரே பொருளாகத் தொகுத்த சின்னம்) ஒற்றைக் கோடாகவோ வந்து நிற்கும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது இசட் உயரம், அதாவது வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள செங்குத்து உயரம். நிலஅளவை வரைபடத்தில் மதில்சுவரின் கோடு, கடல்மட்டத்திலிருந்து அந்த இடம் இருந்த 112.4 மீட்டர் உயரத்திலேயே வரையப்பட்டிருந்தது. நடைபாதையின் கோடு சுழியத்தில் இருந்தது. மேலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். நடைபாதை ஓரத்திலிருந்து மதிலோரத்துக்கு 6 மீட்டர் குழாய் ஒன்றை இழுத்தேன். அருகிலுள்ள புள்ளியைத் தானே பற்றும் ஸ்னாப் வசதி மதில்கோட்டின் முனையைப் பற்றிக்கொண்டது. மென்பொருள் அதை முப்பரிமாணத்தில் அளந்ததால் அந்தக் குழாயின் நீளம் 112.56 மீட்டர் என்று பதிவானது. மதிலை ஒட்டிச் சென்று மீண்டும் நடைபாதைக்கு இறங்கிய அடுத்த துண்டிலும் அதே கதை. ஆக, இல்லாத 213 மீட்டர் குழாய் ஒரே வால்வின் கணக்கில் ஏறிவிட்டது. 28 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் நீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடினால், குழாயின் உராய்வு இழப்பைக் கணிக்கும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8.7 மீட்டர் நீருயரம் அளவுக்கு அழுத்தம் குறையும். அந்த 213 மீட்டருக்கு அது ஏறக்குறைய 1.8 பார் ஆகிறது. அழுத்தம் போதவில்லை என்று மென்பொருள் காட்டியதை நம்பி, தேவையே இல்லாத ஒரு பம்ப்பைப் பரிந்துரைக்கும் நிலைக்கு நான் வந்துவிட்டேன். பொருட்பட்டியலில் குழாயின் மொத்த நீளம் தளத்தின் சுற்றளவைவிடப் பல மடங்கு இருந்தது கண்ணில் பட்டதால்தான் தப்பித்தேன்.

அன்றிலிருந்து அடிப்படை வரைபடம் எதுவாயினும் முதலில் பக்கவாட்டுப் பார்வையில் திருப்பிப் பார்க்கிறேன். தட்டையாக இருக்க வேண்டிய வரைபடம் ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலும் கீழும் ஏதாவது மிதந்தால் ஃபிளாட்டன் கட்டளையால் தளத்துக்குக் கொண்டுவருவேன். மூலக் கோப்பைத் தொட அனுமதி இல்லாதபோது ஓஸ்னாப்-இசட் என்ற அமைப்பு மாறியை 1 என்று வைத்துவிட்டால், ஸ்னாப் எந்த உயரத்துப் புள்ளியைப் பற்றினாலும் நடப்பு உயரத்தையே எடுத்துக்கொள்ளும். ஃபில்லட் (இரு கோடுகளை வளைவால் இணைப்பது) போன்ற கட்டளைகள் கண்ணெதிரே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளில் வேலை செய்ய மறுத்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த உயர வேறுபாட்டைத்தான்.

அலகுச் சிக்கல் இதைப்போல மறைந்திருப்பதில்லை. மில்லிமீட்டரில் வரையப்பட்ட கோப்பின் அலகு மீட்டர் என்று பதிந்திருந்தால், 4.5 மீட்டர் வீச்சுள்ள தெளிப்பானின் வட்டம் 4,500 அலகுக்குப் பதிலாக 4.5 அலகில் வரும்; திரையில் அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. அங்குலம் என்று பதிந்திருந்தால் எல்லாம் 25.4 மடங்கு சுருங்கும். 25.4 அல்லது 1,000 என்ற விகிதம் எங்கே தலைகாட்டினாலும் கோப்பின் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் மாறியைப் பார்த்தால் போதும். ஆனால் ஏற்கெனவே இட்ட தெளிப்பான்களை ஸ்கேல் கட்டளையால் பெரிதாக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். அந்த பிளாக் தன் வீச்சையும் நீரோட்ட அளவையும் தனக்குள் தரவாகச் சுமக்கிறது. படத்தை நீட்டினால் தரவு கூடவே நீளாது. அலகைத் திருத்திவிட்டு மீண்டும் இடுவதே நேர்வழி.

அடுத்தது, ஆதிப்புள்ளியிலிருந்து (0,0) வெகுதொலைவில் அமைந்த வரைபடங்கள். நிலஅளவையாளர் யூடிஎம் என்ற உலகளாவிய நிலப்பட முறையின் ஆயத்தொலைகளில் தருவது அவர்களுடைய வேலைக்கு மிகச் சரியானது. ஆனால் மீட்டரில் ஏழு இலக்கமாக இருந்த எண், மில்லிமீட்டருக்கு மாற்றியதும் பத்து இலக்கமாகிவிடுகிறது. கோப்பில் சேமிக்கப்படும் எண்களுக்கு 15 இலக்க அளவுக்குத் துல்லியம் உண்டு என்றாலும், திரையில் காட்டும் வரைகலை அட்டை பெரும்பாலும் ஏழு இலக்கத் துல்லியத்திலேயே இயங்குகிறது. அதனால் தெளிப்பானின் வட்டம் நெளிகிறது, பரப்பை நிரப்பும் ஹேட்ச் சிதறுகிறது, மூடிய எல்லையை மூடவில்லை என்று மென்பொருள் வாதிடுகிறது. இங்கே மூல வரைபடத்தை நகர்த்திவிடும் ஆசை வரும். நகர்த்தினால் மற்றத் துறைகளின் வரைபடங்களோடு உள்ள பொருத்தம் குலைந்துபோகும். ஆதிப்புள்ளிக்கு அருகில் என் கோப்பை வைத்து, அவர்களுடைய வரைபடத்தைக் குறிப்பிட்ட இடப்பெயர்ச்சியோடு எக்ஸ்ரெஃப் (வெளிக்கோப்பு இணைப்பு) ஆக இணைத்து, அந்த இடப்பெயர்ச்சியின் எண்களைக் கோப்பிலேயே ஒரு குறிப்பாக எழுதி வைப்பது என் வழக்கம்.

மேற்சொன்னவை வெளியிலிருந்து வரும் கோளாறுகள். நானே உண்டாக்கும் கோளாறுகளில் முதலிடம் இணைப்புக்குத்தான். குழாயின் முனை தெளிப்பானின் இணைப்புப் புள்ளியிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளுக்கோ அங்கே இணைப்பே கிடையாது. இதற்கு நம்பகமான சோதனை கூட்டல்தான். நிமிடத்துக்கு 5 லிட்டர் எடுக்கும் தெளிப்பான் எட்டு இருந்தால் வால்வில் 40 லிட்டர் காட்ட வேண்டும். 35 காட்டினால் ஒன்று துண்டித்துக் கிடக்கிறது; 20 காட்டினால் நடுவில் ஒரு கிளையே விடுபட்டிருக்கிறது. எந்த எச்சரிக்கைச் செய்தியையும்விட இந்த எண் விரைவாக வழிகாட்டுகிறது. பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனிக் கோடுகளாக உடைத்துவிட்டாலும் இதே விளைவுதான்: படம் மிஞ்சும், தரவு போய்விடும்.

லேட்டரல் குழாய்கள் (வால்விலிருந்து தெளிப்பான்களுக்குச் செல்பவை) அறியாமலே ஒரு வளையமாக மூடிக்கொள்வதும் உண்டு. கிளைத்துச் செல்லும் மரம்போன்ற அமைப்பில், கீழே உள்ள தெளிப்பான்களின் அளவைக் கூட்டினாலே ஒவ்வொரு துண்டின் நீரோட்டமும் கிடைத்துவிடும். வளையத்தில் நீர் இரு புறமிருந்தும் வரக்கூடும் என்பதால் அந்தக் கூட்டல் செல்லாது. அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1936-இல் வெளியிட்ட முறையைப் போலத் திரும்பத் திரும்பத் திருத்திக் கணக்கிட வேண்டியிருக்கும். நான் பயன்படுத்தும் மென்பொருள் லேட்டரலுக்கு அதைச் செய்வதில்லை, கணிப்பை நிறுத்திவிடுகிறது. நிறுத்துவது சரியே. ஆனால் வளையம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டாமல், குழாய் அளவைக் கணிக்க முடியவில்லை என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொள்வதுதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு இருக்கும் மனக்குறை. அறுபது தெளிப்பான் உள்ள பகுதியில் அந்த ஒரு துண்டைத் தேடுவது அரை நாள் வேலை.

கோப்பு காரணமின்றிப் பெருத்து மெதுவாகும் நோய்க்கு மருந்து எளிது. பிழைகளைத் திருத்தும் ஆடிட், பிறகு பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ், பிறகு கட்டளை வரியில் அதே பர்ஜின் ரெகாப்ஸ் தேர்வு. பல கைகள் மாறி வந்த கோப்புகளில் பிற செயலிகள் பதிந்துவிட்டுப்போன பயன்பாட்டுப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், வழக்கமான பர்ஜ் சாளரம் அவற்றைத் தொடுவதில்லை. மைக்ரோஸ்டேஷன் மென்பொருளின் டிஜிஎன் கோப்புகளிலிருந்து ஒட்டிவந்த கோட்டுவகைகளும் இப்படியே குவியும். விட்டுவிட்டு வரும் கோடாகத் தெரிய வேண்டிய குழாய் முழுக்கோடாகத் தெரிந்தால், வளைவில் முனைகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, கோட்டுவகையை முனைகள் கடந்து தொடரச் செய்யும் பிலைன்ஜென் மாறியை 1 ஆக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடிப்படை வரைபடத்துக்கான சோதனைகளை எல்லாம் புதிய வேலையின் முதல் மணி நேரத்திலேயே, ஒரு தெளிப்பான்கூட இடுவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன். வந்த கோப்பின் தொடாத பிரதி ஒன்று தேதியோடு தனியே இருக்கும். திருத்தப்பட்ட அடிப்படை வரைபடம் மறுபடி வரும்போது, அந்தச் சோதனைகளைப் புதிய கோப்பிலும் முதலிலிருந்தே செய்கிறேன். ஏனெனில் அந்த மதில்சுவர் 112.4 மீட்டர் உயரத்தில் மீண்டும் ஒருமுறை வந்திருக்கிறது.