கோகோ தனிமைப்படுத்தல் நிலையம்: அமெலோனாடோ நாற்றை இன்னும் ஏன் நம்புகிறேன்

வெளியிலிருந்து வரும் கோகோ ரகங்களை, நோய் இல்லை என்று உறுதியாகும் வரை இரண்டு ஆண்டுகள் தனியே வைத்துக் கவனிக்கிறோம். அவற்றை வரவழைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இரண்டு ஆண்டுகளா? பிசிஆர் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கொடுக்கக்கூடாதா?" பிசிஆர் என்பது வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனை; மற்றது, நோயை இலையில் காட்டும் அமெலோனாடோ என்ற கோகோ ரகத்தின் நாற்று. பல ஆண்டுகளாக இரண்டையும் கையாண்டு வருகிறேன். என் ஓட்டு இன்னும் அமெலோனாடோ நாற்றுக்கே.

வந்த ஒட்டுக்குச்சியின், அதாவது ஒட்டுக்கட்ட வெட்டியெடுத்த கிளைத்துண்டின், மொட்டை அந்த நாற்றில் கட்டுகிறோம். குச்சிக்குள் தண்டு வீக்க வைரஸ் இருந்தால் நாற்றுக்கும் இறங்கும். வேறு சில ரகங்கள் வெளியே தெரியாமல் அடக்கி வைத்திருப்பதை அமெலோனாடோ இலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இளந்தளிரில் நரம்பை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். இலை முற்றினால் அந்தச் சிவப்பு போய்விடும். பிறகு நரம்போரம் வெளிறியிருப்பதைத்தான் தேடவேண்டும். ஆகவே தளிர் விடும் வாரங்களில் யாருக்கும் விடுப்பு கொடுக்க எனக்கு மனம் வராது.

பிசிஆர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்று பேசுவதற்கு முன்பே சிலவற்றைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் தண்டு வீக்க வைரஸ் என்பது ஒரே வைரஸ் அல்ல, ஒரு கூட்டம். ஒரு பிரைமருக்கு (பிசிஆரில் வைரஸின் மரபணுவைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) சிக்குவது இன்னொன்றுக்குச் சிக்காது. எதிர்மறை முடிவை மட்டும் வைத்துச் செடியை வெளியே விட நான் கையெழுத்திடமாட்டேன்.

அன்றாடத் தலைவலி மாவுப்பூச்சி. வைரஸைப் பரப்புவது அதுதான். ஒட்டு நாடாவின் மடிப்பில் பஞ்சுத்துணுக்கு போல ஒளிந்திருக்கும். லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது. எறும்பு தெரிந்தாலே நாடாவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுவேன். எறும்பு மாவுப்பூச்சியைப் பேணி வளர்க்கும். நுண்வலை, இரட்டைக் கதவு எல்லாம் சரிதான்; ஒரு கதவு மூடும் முன் மறுகதவைத் திறக்கும் விருந்தினரை என்ன செய்வது?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு, 1936-இல் கானாவில் அறியப்பட்ட தண்டு வீக்க நோயால் வெட்டிச் சாய்க்கப்பட்ட கோடிக்கணக்கான மரங்களையும், 1989-இல் துடைப்ப நோய் என்ற பூஞ்சை நோய் நுழைந்தபின் பிரேசிலின் பாகியா மாநிலம் பட்ட பாட்டையும் சொல்லுவேன். சர்வதேசக் கோகோ தனிமைப்படுத்தல் மையம் கோகோ விளையாத இங்கிலாந்தின் ரெடிங்கில் 1985 முதல் இயங்குவதும் காரணத்தோடுதான்: பூச்சி தப்பினாலும் வெளியே தொற்றிக்கொள்ள ஒரு கோகோ மரம் கிடையாது.

குச்சி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சில நாட்களே உயிரோடு இருக்கும். ஒட்டுக்கட்ட வேர்ச்செடி (மொட்டைத் தாங்கும் நாற்று) தயாரான பிறகு தேதி கேளுங்கள்.