கணவன், மனைவி, ஒரு பாய்மரப் படகு: கரீபியனா, பசிபிக்கா?

படகையே வீடாக்கிக்கொண்டு வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றக் கிளம்பும் தம்பதிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு நடுவேதான் தடுமாறுகிறார்கள். ஒன்று கிழக்குக் கரீபியன்: ஆன்டிகுவா, குவாதலூப், டொமினிக்கா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா, கிரெனடைன்ஸ், கிரெனடா. மற்றது பனாமா கால்வாயைத் தாண்டி மார்க்கசஸ், துவாமோட்டு, டஹிட்டி, டோங்கா, ஃபிஜி என்று நீளும் தென் பசிபிக். அழகில் எது உசத்தி என்ற பேச்சே வேண்டாம். படகில் இருப்பது இரண்டே பேர் என்றால், நான் முதலில் பார்ப்பது அவர்கள் தூங்கப்போகும் விதத்தை.

கரீபியனில் இரவு நம்முடையது. மார்ட்டினிக்கின் தென்முனையிலிருந்து செயின்ட் லூசியா 25 கடல் மைலுக்குள் வந்துவிடும். காலையில் நங்கூரம் எடுத்தால் மதியச் சாப்பாடு அடுத்த தீவில். பசிபிக்கில் கதையே வேறு. பனாமாவைத் தாண்டி வழியில் வரும் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கசஸ் சுமார் 3,000 கடல் மைல். நாளைக்கு 130 மைல் ஓடினாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒதுங்க ஒரு தீவும் கிடையாது. சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனால் எதிரே வரும் கப்பலையும், இருட்டில் திடீரென்று அடிக்கும் மழைக்காற்றையும் பார்க்க யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். மூன்று மணி நேரம் இவர், மூன்று மணி நேரம் அவர். ஒருவர் எழும்போது மற்றவர் படுப்பார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது பல நாட்களில் மதியச் சாப்பாட்டின் போது மட்டும்தான்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் தூங்கும்போது மற்றவர் தவறிக் கடலில் விழுந்தால், அது உடனே தெரியாமலே போகலாம். அதனால்தான் இரவில் மேல்தளத்தில் இருப்பவர் பாதுகாப்புக் கயிற்றைப் படகோடு மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாயைச் சுருக்க முன்பக்கம் போவதென்றால் துணையை எழுப்பாமல் போகவே கூடாது. தூக்கம் கெடுகிறதே என்று மனைவியை எழுப்பாமல் விடுவது அன்பு ஆகாது.

அடுத்தது திரும்பி வரும் வழி. கரீபியனில் தீவுகள் வடக்கு தெற்காக நிற்கின்றன. வியாபாரக் காற்று எனப்படும் நிலையான காற்று கிழக்கிலிருந்து குறுக்கே வீசுகிறது. ஆகவே மேலே போனாலும் கீழே வந்தாலும் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கிடைக்கும். பிடித்த தீவுக்கு மறுபடியும் போகலாம். பசிபிக்கில் அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டே போகும். சுகமான ஓட்டம்தான், ஆனால் ஒருவழிப் பாதை. டஹிட்டியில் இருந்துகொண்டு ‘போதும், திரும்பலாம்’ என்றால் காற்றை எதிர்த்து ஆயிரக்கணக்கான மைல்கள் ஏற வேண்டும். நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ படகை விற்றுவிட்டு விமானம் ஏறுபவர்களும் உண்டு.

புயல் இரண்டிலும் உண்டு. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை, தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தெற்கே கிரெனடா பக்கம் போய்விட்டால் ஆபத்து குறைவு என்பது கரீபியனின் பழைய கணக்கு. ஆனால் 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவையே புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் காரியகூ தீவில் கரையேறியபோது, அலையாத்திக் காட்டுக்குள் பாதுகாப்பாகக் கட்டி வைத்த படகுகளும் தப்பவில்லை. பசிபிக் படகுகள் பலவும் அந்த மாதங்களில் தெற்கே நியூசிலாந்துக்கு இறங்கிவிடுகின்றன. அதுவும் சுலபமான பயணம் இல்லை.

துவாமோட்டுவின் பவளத்தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ரங்கிரோவா, ஃபகராவா போன்ற வட்டத் தீவுகளின் காயலுக்குள் நுழைய பவளத்திட்டில் இருக்கும் இடைவெளிதான் வாசல். அதில் நீரோட்டம் பாய்ந்து வரும். ஓட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் சூரியன் உச்சியில் இருக்க, ஒருவர் முன்முனையில் நின்று பவளப்பாறைகளைக் கை காட்ட, மற்றவர் சுக்கான் பிடிக்க வேண்டும். தம்பதியின் ஒத்துழைப்புக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தேறினால் கிடைப்பது, கரீபியனின் எந்த விரிகுடாவும் தர முடியாத தனிமை.

சாமான், பழுது விஷயத்தில் கரீபியன் வெகு முன்னால் நிற்கிறது. மார்ட்டினிக்கின் லெ மாரன் துறைமுகத்தில் உதிரிபாகம், மெக்கானிக், சூப்பர் மார்க்கெட் எல்லாம் கரைக்குப் பக்கத்திலேயே. மார்க்கசஸில் ஒரு பம்ப் பழுதானால் 1,400 கி.மீ. தள்ளி இருக்கும் டஹிட்டியிலிருந்து வர வேண்டும். அங்கே ஈரப்பலாவும் பம்பளிமாஸும் தாராளம். மற்ற காய்கறி விலை அதிகம். பவளத்திட்டு மீனை, ஊர்க்காரர்களிடம் கேட்காமல் சமைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய சிகுவடேரா என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மார்ட்டினிக், குவாதலூப், பிரெஞ்சு பாலினேசியா (டஹிட்டி, மார்க்கசஸ், துவாமோட்டு இதில்தான்) மூன்றுமே பிரான்சுடையவைதான், ஆனால் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. ஃபிஜியில் முன்விசா தேவையில்லை. இரண்டு கடலிலும் நம் ஆட்களின் தடம் இருக்கிறது. 1850-களில் காரைக்கால், புதுச்சேரியிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் மசாலா, குவாதலூப் சந்தையில் ‘கொலம்போ’ என்று விற்கிறது. ஃபிஜியின் நாடி நகரில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரம் நிற்கிறது.

என் தேர்வு கரீபியன்தான், குறைந்தது முதல் இரண்டு பருவங்களுக்கு. கூட்டம் உண்டு, தீவுக்குத் தீவு குடிநுழைவுச் சடங்கு உண்டு, டிசம்பர் ஜனவரியில் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்ற பலத்த காற்று தீவுகளுக்கு இடையிலான கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஆனாலும் படகோடும் ஒருவரோடொருவரும் பழகிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. அப்புறம் கிரெனடாவிலிருந்து மேற்கே இருக்கும் பொனெய்ர் தீவுக்கு ஓடிப் பாருங்கள்: சுமார் 400 கடல் மைல், மூன்று இரவு, பின்காற்று, இரண்டு பேர் மட்டும். நான்காம் நாள் காலை இருவரில் ஒருவர் ‘இன்னும் கொஞ்சம் போகலாமே’ என்று சொன்னால் போதாது, இருவருமே சொல்ல வேண்டும். சொன்னால் பனாமா கால்வாயைக் கடக்கப் பதிவு செய்யலாம்.