"பேங்க்குக்குக் கட்டாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

தறி ஓட்டுகிறவர்கள், பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர்கள், யாராக இருந்தாலும் மாசத் தவணை கட்டத் திணறிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிடுங்கள். "கடன் நிவாரணம் வாங்கித் தருகிறோம்" என்று திருப்பூரில் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் நாங்கள் 1,30,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பெரிசில்லை. நியாயமாக பேங்க்கிலேயே எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சலுகையை, அதற்கான நாட்கள் முழுக்க எங்களை வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்து, கிடைக்காமல் செய்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 12 தறி. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், நாங்கள் மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்து கொடுப்போம். வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தறிக்கு வாங்கிய டேர்ம் லோன், அதுபோக ஒரு பர்சனல் லோன், ஒரு கிரெடிட் கார்டு. எல்லாம் சேர்த்து மாசம் 31,000 ரூபாய், ஒரு தவணைகூடத் தவறாமல்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி அவரால் தறிக்கு முன்னால் நிற்க முடியாமல் போனது, அந்த நேரம் பார்த்து உற்பத்தியாளரும் பாவு கொடுப்பதைப் பாதியாகக் குறைத்தார். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் கரண்ட் இலவசம்தான், ஆனால் தறியே ஓடாதபோது அதை வைத்து என்ன செய்வது.

போனில் விளம்பரம் பார்த்து நான்தான் நம்பரைக் கொடுத்தேன். மறுநாளே ஒரு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப், பேச்சு அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏனுங்க்கா இதுக்குப் போயிக் கவலப்படறீங்க, அறுபது பர்சென்ட் தள்ளுபடி ஆயிருமுங்" என்றான். உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரர், "அவிய என்ன கவர்மெண்ட்டா?" என்று குரல் கொடுத்தார். எங்கள் அத்தைக்கு வேறு பயம். கடன் நிவாரணம் என்றதும், திவால் மனுவைத்தான் (எங்கள் பக்கம் அதை மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி. என்பார்கள்) சொல்கிறார்கள் என்று நினைத்து அவர், "மஞ்ச நோட்டீஸ் உடறதுக்கா வந்துருக்கறீங்க? அப்பறம் ஊருக்குள்ள தல காட்டறதெப்புடி?" என்று எழுந்தே விட்டார். அவன் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி, "ஐயோ இல்லீங்கம்மா, ஐ.பி.யெல்லாம் பழைய காலமுங். இது 2016ல வந்த புதுச் சட்டம். பேப்பர்ல வராது, பங்காளிகளுக்குத் தெரியாது, பேங்க்குக்கும் நமக்கும் மட்டும்தான்" என்றான். ஒரே வார்த்தையில் அத்தை உட்கார்ந்துவிட்டார். எந்த இடத்தில் தொட்டால் நம்மூர்க் குடும்பம் மடங்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதிவுக் கட்டணம் 25,000. அப்புறம் மாசாமாசம் 15,000, அது "செட்டில்மென்ட் கணக்கில்" சேருமாம், சேர்ந்த தொகையை வைத்து பேங்க்கில் பேசி முடிப்பார்களாம். முத்திரைத்தாளில் இங்கிலீஷில் அடித்த ஒப்பந்தம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. ஒரு வாரம் கழித்து "உங்கள் மனு ஏற்கப்பட்டது" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே சிங்க முத்திரை, கீழே ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் நீளமாக ஒரு மனு எண். அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிங்க முத்திரை கலங்கலாக, எங்கேயோ இருந்து நகல் எடுத்து ஒட்டியதுபோல இருக்கிறது, பல்லடத்தை ஈரோடு மாவட்டம் என்று போட்டிருக்கிறார்கள், எந்த கோர்ட், எந்த அதிகாரி என்று ஒரு வரி கிடையாது. ஆனால் அன்றைக்கு அத்தை அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அதற்கப்புறம் அவர்கள் சொன்ன யோசனைகள்தான் எங்களைக் கவிழ்த்தன. தவணைக் கணக்கில் பணமே வைக்காதீர்கள், கட்ட முடியவில்லை என்று தெரிந்தால்தான் பேங்க் இறங்கி வரும். பேங்க்கில் இருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், நேரில் வந்தால் "எங்கள் வக்கீலிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். ரிஜிஸ்டர் தபால் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள், வாங்கினால்தான் கேஸ். சிபில், அதாவது நாம் கடன் கட்டின விதத்துக்கான பதிவும் மதிப்பெண்ணும், என்ன ஆகும் என்று கேட்டால், "எல்லாம் முடிஞ்சதும் சரி பண்ணிக் குடுத்தர்றோமுங்" என்பார்கள்.

இதில் ஒவ்வொன்றுமே நமக்கு எதிரானது. தவணை தவறினால் முதல் 30 நாள், அடுத்த 30, அதற்கடுத்த 30 என்று பேங்க் நம் கணக்கைத் தனியாகக் குறித்துக்கொண்டே வரும், 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அந்த 90 நாளுக்குள்தான், அதற்கு முன்னால் போனால் இன்னும் நல்லது, "வருமானம் இந்தக் காரணத்தால் குறைந்துவிட்டது, தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள், தவணையைக் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதிக் கேட்க வேண்டும். சின்னத் தொழிலுக்கு இதற்கென்றே ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் பேங்க்குகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறு, குறுந்தொழில்களுக்கு அது பொருந்தும். கணக்கு நொடிக்கிற மாதிரி தெரிந்தால் பேங்க் ஒரு கமிட்டியில் வைத்துப் பார்த்து, தவணையை மாற்றியமைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும், கடன் வாங்கியவரே விண்ணப்பிக்கவும் செய்யலாம். பேங்க்குகள் இதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்டில் சொன்னது. ஆனால் தொழில் செய்பவரும் தகுந்த தாள்களோடு சரியான நேரத்தில் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. எங்களிடம் உத்யம் பதிவு (சிறுதொழில் என்பதற்கான அரசுப் பதிவு) இருந்தது, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது, பாவு குறைந்ததற்குக் கணக்கு நோட்டு இருந்தது. இதையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கிளையில் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் செலவு என்று எதுவுமே இல்லை. கவர் என்னமோ அந்த மாடி ஆபீஸுக்குத்தான் போனது.

தபாலைத் திருப்பி அனுப்பினால் கேஸ் நின்றுவிடும் என்பது சுத்தப் பொய். வேண்டுமென்றே மறுத்த தபாலைக் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அடமானச் சொத்தை பேங்க் வழக்குப் போடாமலே எடுத்துக்கொள்ள வழி செய்கிற சர்ஃபேசி சட்டப்படி வருகிற முதல் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் நம் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கலாம், கொடுத்தால் பேங்க் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் அந்த 60 நாளையும் அந்தத் தம்பி சொன்ன "பேசிட்டிருக்கறமுங்க்கா" என்ற பதிலிலேயே கழித்தோம். பேங்க் ஆட்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டை பேங்க் தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிற அறிவிப்பு, பேப்பரிலேயே வந்தது, வீட்டு சர்வே நம்பர், நான்கு பக்கத்து எல்லை, எங்கள் பெயர், எல்லாம். பங்காளிகளுக்குத் தெரியாது என்றானே, பங்காளிகள்தான் முதலில் போன் பண்ணினார்கள்.

அன்றைக்கே நான் பேங்க்குக்குப் போனேன். கிளை மேலாளர் ஒன்றும் கோபப்படவில்லை, எங்கள் கணக்கைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்களுக்காக எந்த வக்கீலும் வரவில்லை, எந்த மனுவும் வரவில்லை, அந்த மாடி ஆபீஸிலிருந்து ஒரு மெயில்கூட இல்லை. தவணை திரும்பின ஒவ்வொரு தடவைக்கும் அபராதம் ஏறியிருந்ததுதான் மிச்சம். "முதல் தவணை நின்னப்பவே வந்திருந்தா நானே கமிட்டிக்கு எழுதியிருப்பேனுங்க" என்றார். அவர் சொன்னதை வீட்டில் வந்து சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

பல்லடத்தில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒருவர் வழி சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள், 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அது இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே கிடைத்த வக்கீலம்மா அந்த சிங்க முத்திரைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மனுவே கிடையாது என்றார். 2016 திவால் சட்டத்தில் தனி மனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, எங்களை மாதிரி ஆட்களுக்கு இன்னும் வரவில்லை. சின்னக் கடனைத் தள்ளுபடி செய்ய அதில் எழுதி வைத்திருக்கிற வழிக்கும் வருட வருமானம் 60,000 ரூபாயையும், கடன் 35,000 ரூபாயையும் தாண்டக் கூடாது, சொந்த வீடும் இருக்கக் கூடாது. தறிக்காரன் யாருக்கு அது ஒத்துவரும்?

எங்களுக்கு இன்றைக்கும் இருப்பது அத்தை பயந்த அந்த மஞ்சள் நோட்டீஸ்தான், 1920ஆம் வருடத்து மாகாண திவால் சட்டம். கோர்ட்டில் மனு போட்டு, சொத்து, கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்து, கடன் கொடுத்த எல்லோருக்கும் நோட்டீஸ் போய் நடப்பது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது கேவலம் ஒன்றும் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் அதைப் போட்டாலும் அடமானம் வைத்த வீட்டின் மேல் பேங்க்குக்கு இருக்கிற பிடி விடாது, ஆகவே எங்கள் விஷயத்தில் அதனால் பலன் இல்லை என்று வக்கீலம்மா நேராகவே சொல்லிவிட்டார். காசு வாங்காதவர் அப்படிச் சொன்னார், 1,30,000 வாங்கியவர்கள் கடைசிவரை அதைச் சொல்லவில்லை.

சுவாதீன அறிவிப்பு வந்தால் 45 நாளுக்குள் கோயம்புத்தூரில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தக் கெடு எங்களுக்கு இன்னும் தாண்டாமல் இருந்தது. மனுவைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டே பேங்க்கிலும் ஓ.டி.எஸ்., அதாவது ஒரு தொகை பேசிக் கடனை முடித்துக்கொள்ளும் சலுகை, கேட்டோம். ஆறு தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டு, என் நகையையும் சேர்த்து, முன்பணம் கட்டினோம். அபராத வட்டியைத் தள்ளி, மீதியைத் தவணையாகக் கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். பர்சனல் லோன் லோக் அதாலத்தில் முடிந்தது, அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்டால் அப்பீலும் இல்லை, ஆகவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். சிபிலில் "செட்டில்டு", அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்த கடன், என்று நிற்கிறது. அதை யாரும் "சரி பண்ணிக் கொடுக்க" முடியாது, அந்த ஆசையிலும் விழுந்துவிடாதீர்கள்.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது, சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள், நம்பாதீர்கள் என்று. அந்த அறிவிப்பு எங்கள் கண்ணில் படவில்லை, விளம்பரம் மட்டும் தினமும் பட்டது. வசூல் ஆட்களின் தொந்தரவு தாங்காமல் இவர்களிடம் போகிறவர்கள் நிறைய. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் அவர்கள் கூப்பிடவே கூடாது, மீறினால் பேங்க்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரத்துக்கு 14448. அதற்கும் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், ஜிபேயில் போன பணம் என்றால் உடனே 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாங்கள் போலீஸில் கொடுத்த புகார் நகலையும் வைத்து திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த மாடி ஆபீஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது, அந்தத் தம்பியின் நம்பரும் எடுப்பதில்லை, ஆனால் அதே வாசகத்தோடு அதே மாதிரி விளம்பரம் வேறு பெயரில் இப்போது ஈரோடு, பவானிப் பக்கம் போனில் வருவதாக என் நாத்தனார் சொல்கிறார். எங்களைப் போலவே சிங்க முத்திரைத் தாள் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் குரல் பதிவு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்தால் வழக்குக்குப் பலம் என்று வக்கீலம்மா கேட்டிருக்கிறார்.